எத்தனை மாடு கிடக்கு?

படுவான்கரையில் ஒரு வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போனால் வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "எத்தனை மாடு கிடக்கு?" காணி எத்தனை ஏக்கர் என்றும் கேட்பார்கள்தான். ஆனால் காணிக்கு அடுத்தடுத்த கேள்விகள் உண்டு. தண்ணி பாயுமா, ரெண்டு போகமும் செய்யலாமா, உவர் பிடித்த மண்ணா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். மாட்டுக்கு அடுத்த கேள்வி கிடையாது. நாற்பது என்றால் நாற்பது. அதில் பசு எத்தனை, சினை எத்தனை, வருஷக்கணக்கில் ஈனாமல் நிற்பது எத்தனை என்று கேட்ட ஒரு சம்பந்தியை நான் இதுவரை கண்டதில்லை.

பட்டி பெருத்தால் செல்வம், ஒரு தலை குறைந்தால் நட்டம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் வவுணதீவிலிருந்து வெல்லாவெளி வரை இதை வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். இந்த நம்பிக்கை பட்டிக்காரரை ஏழையாக்குகிறது, மாட்டினத்தையும் கெடுக்கிறது என்பது என் கட்சி.

நம்பிக்கை பழையது என்பது தெரியும். மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே நிகண்டுகள் பொருள் சொல்கின்றன. ஆநிரை கவர்வதற்கு வெட்சி என்று ஒரு திணையே வைத்த மொழி இது. ஆனால் வெட்சி மறவன் மந்தையை ஓட்டிக்கொண்டு போனபோது அதில் மலட்டுப் பசு எத்தனை என்று பார்த்திருக்கமாட்டான். அவனுக்கென்ன, வளர்த்தவன் வேறொருவன், மேய்ந்த புல் வேறொருவன் ஊர்ப் புல். அவன் கணக்கை நாம் கைக்கொண்டால் எப்படிச் சரிவரும்?

என் பெரியப்பாவுக்கு ஒரு பட்டி இருந்தது. பின்னேரம் மாடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பும்போது கடப்படியில் நின்று வாய்க்குள்ளேயே எண்ணுவார். வெளியில் சொன்னால் நாவூறு பட்டுவிடுமாம். ஒருநாள் நான் கொப்பியும் பேனையுமாக அவர் பக்கத்தில் நின்றேன். மொத்தம் 43. ஈனும் வயதுப் பசுக்கள் 24. ஒவ்வொன்றாகக் காட்டி, கடைசியாக எப்போது ஈன்றது என்று கேட்டேன். மனுசன் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. "இது போன மார்கழிக்கு முந்தின மார்கழி. இது சித்திரைக்குப் பிறகு. அந்தச் சுட்டியா? அது இன்னும் ஈனவே இல்லை மனே." கூட்டிப் பார்த்தால் ஒன்பது பசு இரண்டு வருஷத்துக்கு மேல் கன்று காட்டவில்லை. இத்தனையும் அவர் தலைக்குள் இருந்தது. ஆனால் அதை ஒரு கணக்காக அவர் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை, ஏனென்றால் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"இந்த ஒன்பதையும் ஏன் பெரியப்பா வச்சிருக்கிறீங்க?"

"கிடந்தாக் கிடக்கட்டும் மனே. தின்னுறது காட்டுப் புல்லுத்தானே. நம்மட காசா போகுது?"

எல்லாக் குழப்பமும் இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. புல்லுக்குக் காசில்லை, ஆகவே நிற்கிற மாட்டால் நட்டமில்லை என்று நினைக்கிறோம். புல்லுக்குக் காசில்லை என்பது மெய். ஆனால் புல்லுக்கு அளவு இருக்கிறதே! இருநூறு கிலோ நிறையுள்ள ஒரு நாட்டுப் பசுவுக்கு ஈரம் கழித்துப் பார்த்தால் நாளுக்கு நாலு, ஐந்து கிலோ தீன் வேண்டும். வருஷத்துக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல். ஒன்பது மாட்டுக்குப் பதின்மூன்று தொன்னுக்குக் குறையாது. வேளாண்மை வெட்டி முடிந்து வட்டைக்குள் மாடு இறங்கும் பங்குனி, சித்திரையில் இது பெரிய விஷயமில்லை. ஒட்டும் வைக்கோலும் எல்லாருக்கும் போதும். ஆடி, ஆவணி வரட்டும். வாவி ஓரத்து மேட்டு நிலம் தேய்ந்த தும்புத்தடி மாதிரிக் கிடக்கும். அப்போது மலட்டுப் பசு கடிக்கிற ஒவ்வொரு வாயும் பக்கத்தில் கன்றுக்குப் பால் கொடுக்கும் பசுவின் வாயிலிருந்து பறிப்பது.

அதோடு போனாலும் பரவாயில்லை. பால் கொடுக்கும் பசு மெலிந்தால் வேட்கைக்கு வராது. வேட்கைக்கு வராவிட்டால் சினையில்லை. இந்த வருஷம் ஈன்ற நல்ல பசு அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் சும்மா நிற்கும். பிறகு அதையும் மலடு என்பார்கள். ஈனாத மாட்டைக் கும்பலாக வைத்திருந்தால் ஈனுகிற மாடும் ஈனாமல் போகிறது. பெரியப்பாவின் ஒன்பதில் உண்மையில் மலடு எத்தனை, பட்டினியால் மலடானது எத்தனை என்பதை இன்று யார் சொல்ல முடியும்?

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் பறங்கியர் முன்னால் கல் நந்தி எழுந்து புல் தின்ற கதையை இந்தக் கரையில் பிறந்த எல்லாரும் கேட்டிருப்போம். கல் மாட்டுக்கும் புல் வேண்டும் என்று நம்புகிற ஊர், உயிர் மாட்டுக்கு எத்தனை பிடி புல் மிச்சம் என்று ஒரு தரம் கணக்குப் பார்க்கக் கூடாதா?

2022 டிசெம்பரை நினைத்துப் பாருங்கள். மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற அந்த இரண்டு மூன்று நாட்களில் அடித்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் விறைத்துச் செத்தன. விடியப்போய்ப் பார்த்த பட்டிக்காரர் நின்ற இடத்திலேயே அழுதார்கள். அந்தக் கண்ணீரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் குளிரைத் தாங்குவது தோலுக்கடியில் கிடக்கும் கொழுப்பு. கோடையில் பங்கு போட்டுத் தின்று எலும்பெடுத்த மாட்டிடமும் அதன் கன்றிடமும் அது இருக்காது. முப்பது மாடு வயிறாரத் தின்ற பட்டியும் ஐம்பது மாடு அரைவயிறாக நின்ற பட்டியும் அந்த இரவை ஒரே மாதிரிக் கடந்திருக்கும் என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

இனி நாம்பன் விஷயத்துக்கு வருகிறேன். என் கோபம் அதிகம் இங்கேதான்.

மாட்டு யாவாரி பட்டிக்கு வருகிறார். முதலில் எதைக் காட்டுகிறார்? நெஞ்சு அகன்று, முதுகு நேராக, ரோமம் மினுங்க நிற்கிற இளம் நாம்பனை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் சொல்லவே வேண்டாம். உழ்ஹிய்யாவுக்குக் கொடுக்கும் மாடு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், குருடோ நொண்டியோ எலும்பும் தோலுமோ ஆகாது என்பது மார்க்க விதி. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வருகிறவர்கள் வாயைத் திறந்து பல் பார்த்து, காலை நடத்திப் பார்த்து, கண்ணைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். நியாயம். ஒரு பொலிகாளையைத் தெரிய வேண்டியதும் ஏறக்குறைய இதே விதிப்படிதான். வாங்குகிறவருக்கு மாடு பார்க்கத் தெரிந்திருக்கிறது. வளர்க்கிறவரோ நல்ல விலை என்று அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, எந்த யாவாரியும் ஏறெடுத்துப் பார்க்காத குறண்டல் நாம்பனைப் பட்டிக்குள் விட்டுவைக்கிறார். தலை ஒன்று கிடக்கிறதே! அது சும்மா கிடக்குமா? அடுத்த வருஷக் கன்றெல்லாம் அதன் கன்று. நாலைந்து வருஷம் அதுவே நின்றால் தன் மகளையே சினைப்படுத்தும். இருபத்தைந்து பசுவுக்கு ஒரு நல்ல காளை போதும். அந்த ஒன்றைத்தான் ஆண்டுக்காண்டு இறைச்சிக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு, "நம்மட நாட்டு மாடு சிறுத்துப் போச்சு, ஒண்டரைப் போத்தல் பாலுக்கு மேல இறங்குதில்ல" என்று புலம்பல். சாகிவால் கொண்டுவா, ஜேர்சி ஊசி போடு என்று கோரிக்கை. ஊசி நல்லதுதான். ஆனால் பசு வேட்கைக்கு வருவதைக் கண்டு, அன்றைக்கே பிடித்துக் கட்டி, ஆளைக் கூப்பிட வேண்டும். காட்டில் மேயும் பட்டியில் அதை எத்தனை மாட்டுக்குச் செய்யலாம்? பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டிஷ்லியில் ரொபர்ட் பேக்வெல் என்ற பண்ணையாளர் நல்ல கிடாக்களையும் காளைகளையும் விற்காமல் பருவத்துக்குப் பருவம் வாடகைக்கு விட்டார். ஊசி, ஆய்வுகூடம் எதுவும் இல்லாத காலம் அது. நல்லதைக் கையைவிட்டுப் போக விடுவதில்லை என்ற பிடிவாதம் மட்டும் இருந்தது.

விற்கச் சொன்னால் பாவம் என்பார்கள். பால் தந்த பசுவை அறுவைக்குக் கொடுக்கலாமா? நான் அந்த மனசை எள்ளி நகையாடவில்லை. என் வீட்டிலும் அதே மனசுதான். ஆனால் கையில் காசு முட்டுப்படும்போது அதே பசு தரகருக்குப் போகிறது. எங்கே போகிறது என்று கேட்பதில்லை. கேட்காதவரை பாவம் தரகருடையது, அவரும் பெரும்பாலும் வேறு சமயத்தவர், ஆகவே நமக்கு ஒட்டாது. இப்படிப் பாவத்தைக் கைமாற்றிவிடுகிற கணக்கு எந்த ஆகமத்தில் இருக்கிறது? 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, பயன்தராத வயதான மாடுகளுக்குத் தகுந்த திட்டம் ஒன்று வகுப்பதாகவும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை வாசித்து நான் சிரித்தேன். வயதான மாட்டுக்கு நம்மிடம் இருக்கும் திட்டம் பசிதான். ஆவணி வெயிலில் எழும்ப முடியாமல் விழுந்து, காகம் கண்ணைக் கொத்தும்வரை கிடக்கிற பசுவை "கொல்லவில்லை" என்று சொல்லிக்கொள்ளும் புண்ணியம் எனக்கு வேண்டாம். கடைசிவரை வைத்துப் பார்ப்பவர் இருந்தால் கும்பிடுகிறேன். வீட்டில் கட்டி வைக்கோலும் தவிடும் போடட்டும். பட்டியில் விட்டுவிட்டு அதைக் கருணை என்று சொல்லக் கூடாது.

கன்று வீசும் பசுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தடுத்துக் கன்று வீசினால் அது புரூசெல்லா நோயாக இருக்கலாம். வீசிய கழிவில் பட்ட புல்லால் பட்டி முழுக்கப் பரவும். காய்ச்சாத பாலால் மனிதருக்கும் வரும். அதை அடுத்த ஊர்ப் பட்டிக்காரருக்கு மலிவாகத் தள்ளிவிடுவது வியாபாரம் ஆகாது. முதலில் மிருக வைத்தியரிடம் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தலைக்கணக்குக்காரர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. 1978 நவம்பர் சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2007இல் படுவான்கரை முழுக்க வெறிச்சோடிய மாதங்கள். பட்டியை விட்டுவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது நூறு வைத்திருந்தவனுக்கு இருபதாவது மிஞ்சியது, பத்து வைத்திருந்தவனுக்கு ஒன்றுமில்லை. வங்கி நம்பமுடியாத காலத்தில் மாடுதான் வங்கி. 1926இல் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கிழக்காபிரிக்க மேய்ச்சல் மக்கள் மாட்டு எண்ணிக்கையில் மயங்கிக் கிடப்பதைப் பற்றி எழுதினார். பின்னால் வந்தவர்கள், அது மயக்கமில்லை, பஞ்சத்துக்கும் நோய்க்கும் எதிரான முன்யோசனை என்று மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் மிஞ்சிய இருபதில் சினைப்பசு பன்னிரண்டு என்றால் ஐந்து வருஷத்தில் பட்டி மீளும். இருபதும் கிழடும் மலடும் என்றால் மீளாது. காப்புறுதி என்றே வைத்துக்கொண்டாலும் ஈனுகிற மாடுதான் காப்புறுதி.

இதை எழுதும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் குந்தினார்கள். மாரிப் போகத்துக்கு விதைத்ததும் வட்டையிலிருந்து மாடு வெளியேற வேண்டும். போக அந்தத் தரைதான் உண்டு. அதை உழுது பயிர் போட்டுவிட்டு, மாட்டைச் சுட்டும் வெட்டியும் துரத்தினால் பட்டி எங்கே போகும்? "மாட்டைக் குறையுங்கள், தரை எதற்கு" என்று நாளைக்கு ஒருவர் என் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடும். அவருக்கு இப்போதே சொல்கிறேன்: இருபது நல்ல பசுவுக்கும் புல் தரையில்தான் முளைக்கிறது. தரைக்கான வழக்கு வேறு, பட்டிக்குள் எது நிற்பது என்ற வழக்கு வேறு. முதலாவதில் நான் பண்ணையாளர் பக்கம். இரண்டாவதில் அவர்களோடு சண்டை.

சரி, எதைக் கழிப்பது? பட்டிக்காரருக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. வாயைத் திறந்தால் பல் வயதைச் சொல்லும். தேய்ந்து ஆடுகிற பல்லால் கோடைப் புல்லைக் கடிக்க முடியாது. கன்றைப் பார்த்தால் தாயின் பால் தெரியும். மடியில் ஒரு காம்பு அடைத்துப்போனது, கன்றை உதைக்கிறது, இரண்டு மாரி கடந்தும் வயிறு நிரம்பாதது, எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால். கழிக்கும் காலம்தான் பிழைக்கிறது. விதைநெல்லுக்கும் பசளைக்கும் காசு தேவைப்படும் புரட்டாதியில், மாடு எலும்பாக நிற்கும்போது, யாவாரி சொன்ன விலைக்கு விற்கிறோம். வட்டை மேய்ந்து கொழுத்து நிற்கிற வைகாசியில் விற்றால் அதே மாட்டுக்கு நிறையும் கூட, விலையும் கூட. கோடைப் புல்லும் மிச்சம்.

பெரியப்பா போன பிறகு பட்டியை மூன்று பெண்மக்களுக்கும் பிரித்தார்கள். பெரிய மனிதர்கள் கூடி, தலைக்கு இத்தனை என்று நேர்மையாக எண்ணினார்கள், ஆளுக்குப் பதினான்கு. கடைசி அக்காதான் கடைசிக் காலத்தில் பெரியப்பாவோடு நின்று பால் கறந்து தயிர்ச்சட்டிக்கு ஊற்றியவள். அவள் கடப்படியில் நின்று ஒன்பது பசுவைப் பெயர் சொல்லிக் காட்டி, சிவப்பு நாம்பனையும் காட்டி, "இதுகள் போதும், மிச்சத்த அக்காமார் எடுக்கட்டும்" என்றாள். பெரிய மனிதர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இளையவளுக்குக் குறையக் கொடுத்ததாக ஊர் பேசும் என்றார்கள். இன்னும் நாலு மாட்டை அவள் பக்கம் விரட்டிவிட்டார்கள். அதில் அந்தச் சுட்டியும் ஒன்று.