சுவர் போனா தெருவே காலி!

ஹாஸ்டல்வாசிகளுக்கு இது தெரியாம இருக்காது. ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்து ரூம்காரன் ஆணி அடிப்பான். நம்ம ரூம்ல மாட்டியிருக்கிற கேலண்டர் ஆடும். காரணம் சிம்பிள்... அவன் சுவரும் நம்ம சுவரும் ஒண்ணுதான்! வீட்டுப் பத்திரத்துல இதுக்குப் 'பொதுச்சுவர்'னு பேரு. இந்த வாரம் 'செங்கல் சைஸ்' பகுதியில அந்தச் சுவரைப் பத்தித்தான் பேசப்போறோம். (சிவில் மட்டும் இல்லீங்க, ஐ.டி. மக்களும் தைரியமா படிக்கலாம். டெரிவேஷன் எதுவும் கிடையாது!)

திண்டுக்கல்ல பழைய கட்டடம்னா எல்லாரும் கை காட்டுறது மலைக்கோட்டையை. அது மத்திய தொல்லியல் துறை கையில இருக்கு. 2010ல வந்த சட்டத் திருத்தப்படி இந்த மாதிரி சின்னங்களைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுசா எதுவும் கட்டக் கூடாது. அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கித்தான் கட்டணும். ஸோ, கோட்டை பிழைச்சுக்கும். ஆனா டவுனுக்குள்ள பழைய தெருக்கள்லயும், சின்னாளபட்டி மாதிரி நெசவு ஊர்கள்லயும் தோளோட தோள் உரசிக்கிட்டு நிக்குதே ஒட்டு வீடுங்க... அதைக் கேக்க ஆள் இல்லை.

இந்த ஒட்டு வீட்டுக்குச் சட்டம், பாதுகாப்பு, கோர்ட் சண்டைனு பெரிய ஹிஸ்டரியே வெச்சிருக்கிறவங்க இங்கிலாந்துக்காரங்க. அங்கே இதுக்குப் பேரு 'டெரஸ் ஹவுஸ்'. நமக்கு டெரஸ்னா வத்தல் காயப்போடுற மொட்டை மாடி. அவங்களுக்கு வரிசையா ஒட்டிக் கட்டின வீடு! 1666ல லண்டன் பத்தி எரிஞ்சப்போ மர வீடுகள் ஒண்ணு விட்டு ஒண்ணு தீ பிடிச்சு ஊரே சாம்பலாச்சு. அடுத்த வருஷமே சட்டம் போட்டாங்க. இனிமே சுவர் செங்கல்லயோ கல்லுலயோதான் இருக்கணும், எந்த சைஸ் வீட்டுக்குச் சுவர் எவ்வளவு கனம்ங்கிறதும் சட்டத்துலயே! அதாவது பொதுச்சுவர்ங்கிறது ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு தீத்தடுப்பு.

பாத் நகரத்துல 'ராயல் கிரசன்ட்'னு ஒரு தெரு. 1767லருந்து 1774க்குள்ள ஜான் வுட் (இளையவர்) கட்டினது. பிறை நிலா மாதிரி வளைஞ்சு நிக்குற 30 வீடுகள். முன்னாடி பார்த்தா ஒரே அரண்மனை மாதிரி இருக்கும். பின்னாடி போய்ப் பார்த்தா ஆளாளுக்கு இஷ்டத்துக்குக் கட்டியிருப்பாங்க! முகப்பு மட்டும்தான் எல்லாருக்கும் பொது. முதல் கிரேடு பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கிற தெரு இது. 1970கள்ல ஒரு அம்மா தன் வீட்டு வாசக்கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சுட்டாங்க. வழக்கமா அங்கே வெள்ளைதான். 'மாத்து'ன்னு நகராட்சி நோட்டீஸ் விட்டுச்சு. அந்தம்மா அசரலை. விவகாரம் மந்திரி வரைக்கும் போய், கடைசியில 'மஞ்சளாவே இருக்கட்டும்'னு தீர்ப்பாச்சு. ஒரு கதவு கலருக்கே அங்கே இந்த அலப்பறை. இங்கே முழு வீட்டையே ஜே.சி.பி. வெச்சுத் தள்ளினாலும் டீக்கடையில ஒரு கமென்ட்டோட முடிஞ்சிடுது!

நம்ம ஊர் டெரஸ் ஹவுஸுக்கு பெஸ்ட் சாம்பிள் பார்க்கணும்னா கும்பகோணம் போங்க. சாரங்கபாணி சன்னதித் தெரு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. 2003ல சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவு இல்லமா வெச்சிருக்கு. சேலைக் கடை குமாஸ்தா குடும்பத்து வீடு, அவ்வளவுதான். பந்தா எதுவும் கிடையாது. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோட ஒரு ரூம், உள்ளே அடுக்களை, பின்னாடி கிணறு. எம்-3 பேப்பர் நமக்குக் காட்டுற கலரையெல்லாம் அந்தத் திண்ணையில சிலேட்டோட உக்காந்தே மனுஷன் கிழிச்சிருக்கார்!

இந்த மாதிரி வீட்டோட பிளான் ரயில் மாதிரி. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லைனு பெட்டி பெட்டியா போகும். ரெண்டு பக்கமும் பொதுச்சுவர்ங்கிறதால பக்கவாட்டுல ஜன்னல் வைக்க வழியே இல்லை. அப்போ வெளிச்சத்துக்கு? முற்றம்! சூடான காத்து முற்றம் வழியா மேலே போக, வாசல்லருந்தும் கொல்லையிலருந்தும் குளுகுளு காத்து உள்ளே வரும். கரன்ட் இல்லாத காலத்து ஏ.சி. இதுதான். பக்கச் சுவர்ல வெயிலே படாதுங்கிறது இன்னொரு போனஸ். பக்கத்து வீடுதான் நமக்குக் குடை, நாம அவங்களுக்குக் குடை.

பிரச்னை எப்போ ஆரம்பிக்குதுன்னா, நடு வீட்டுக்காரர் இடிக்கும்போது. அலமாரியில நடுப் புத்தகத்தை உருவினா மத்தது சாயுமே, அந்தக் கதைதான். பல வீட்டு உத்தரமும் ரெண்டு பக்கத்துலருந்தும் அதே பொதுச்சுவர்லதான் உக்காந்திருக்கும். ஒரு பக்கத்து உத்தரத்தை உருவினா, சுவருக்கு அந்தப் பக்கம் பிடிமானம் போச்சு. நூறு வருஷமா வீட்டுக்குள்ளேயே இருந்த சுவர், முதல் தடவையா மழையில நனையும். அது சுண்ணாம்புச் சாந்து சுவர். ஈரத்தை இழுத்து மெதுவா வெளியே விடுறதுதான் அதோட குணம். பயந்து போய் பக்கத்து வீட்டுக்காரர் சிமென்ட் பூசுவார். ஈரம் உள்ளேயே மாட்டிக்கும், உப்பு பூக்கும், பூச்சு உதிரும். அதுக்குள்ள இந்தப் பக்கம் பில்லருக்குப் பள்ளம் தோண்டியிருப்பாங்க. பழைய வீட்டு அஸ்திவாரம் ஆழம் கம்மி. அதை ஒட்டி ஆழமா வெட்டினா அடி மண்ணு சரியும். ஆறு மாசத்துல அந்த வீட்டுலயும் விரிசல். 'இடிச்சிட வேண்டியதுதான் சார்'னு மேஸ்திரி சொல்லிடுவார். அப்புறம் அதுக்கு அடுத்த வீடு...

இங்கிலாந்துல 1996லருந்து பொதுச்சுவருக்குன்னே தனிச் சட்டம் இருக்கு. பக்கத்து வீட்டுக்கு 3 மீட்டருக்குள்ள, அவங்க அஸ்திவாரத்தை விட ஆழமா தோண்டணும்னா ஒரு மாசம் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும். பொதுச்சுவர்லயே கை வைக்கணும்னா ரெண்டு மாசம். நம்ம பக்கம் நோட்டீஸ்ங்கிறது ஜே.சி.பி. சத்தம்தான்!

அதனாலதான் ஒரு வீட்டை மட்டும் மியூசியம் ஆக்கிட்டா போதாதுன்னு தோணுது. ராமானுஜன் வீடு பத்திரமா இருக்கும், சந்தோஷம். ஆனா அக்கம்பக்கமெல்லாம் மூணு மாடி ஆயிட்டா, அது தெரு வீடா இருக்காது, பல்லு போன வாயில ஒத்தைப் பல்லு மாதிரி நிக்கும்.

தெருவையே காப்பாத்தினவங்களும் இருக்காங்க. பாண்டிச்சேரியில வைசியாள் வீதி. தெருவுல போறவங்க வெயிலுக்கு ஒதுங்க, மரத்தூண் வெச்ச தாழ்வாரம். அதுக்குள்ள திண்ணை. மாடிக்குப் போனா பிரெஞ்சு சாயல். இன்டாக் அமைப்பும் புதுச்சேரி அரசும் ஐரோப்பிய யூனியனோட 'ஏசியா அர்ப்ஸ்' திட்டத்துல சேர்ந்து வீட்டு முகப்புகளை வரிசையா சரிபண்ணினாங்க. செலவுல ஒரு பங்கு வீட்டுக்காரங்களோடது. 2008ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைச்சது. அரண்மனைக்கு இல்லை பாஸ், ஜனங்க குடியிருக்கிற ஒரு தெருவுக்கு!

அந்த 'ஒரு பங்கு'தான் மேட்டரே. இடிக்கிற வீட்டுக்காரரை வில்லனாக்க எனக்கு மனசு வரலை. நாலு அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிக்கணும், பைக் நிறுத்த இடம் இல்லை, ஓடு மாத்துறதுக்கும் சுண்ணாம்பு வேலைக்கும் கொத்தனார் கிடைக்கிறதில்லை. 'பாரம்பரியம்'னு சொல்லி ஒழுகுற கூரைக்குக் கீழே அவரை உக்கார வைக்க நாம யாரு? தமிழ்நாட்டுல பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012ல நிறைவேறி, 2024லதான் நடைமுறைக்கே வந்தது. கோயில், கோட்டை, கலெக்டர் பங்களாவோட நிக்காம இந்த மாதிரி தெருக்களையும் அது கணக்குல எடுக்கணும். ரிப்பேர் செலவுல கை கொடுக்கணும். வெறும் தடை மட்டும் போட்டா, வீட்டுக்காரரே ராத்திரியோட ராத்திரியா ஓட்டைப் பிரிச்சு மழையில நனைய விட்டுருவார்.

சிவில், ஆர்க்கிடெக்சர் மக்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு. 30 மீட்டர் டேப், கிராஃப் பேப்பர், மூணு ஃப்ரெண்ட்ஸ். உங்க ஊர்ல இடிபடாம இருக்கிற ஒட்டு வீட்டுத் தெரு ஒண்ணைப் பிடிங்க. பாட்டிகிட்ட பர்மிஷன் கேட்டுட்டு (காபி கன்ஃபார்ம்!) திண்ணையிலருந்து கொல்லை வரைக்கும் அளந்து வரைஞ்சு வெச்சுக்குங்க. பொதுச்சுவரோட கனத்தை எப்படி அளக்கிறதுன்னு முழிக்காதீங்க. பக்கத்து வீட்டுலயும் போய் அளங்க. ரெண்டு வீட்டு உள் அகலத்தையும் கூட்டி, தெருவுல அளந்த மொத்த அகலத்துலருந்து கழிங்க. வர்றது மூணு சுவரோட கனம். மூணால வகுத்தா உத்தேசமா ஒரு சுவரோட கனம். அந்த நடுச் சுவர் யார் பேர்ல இருக்குன்னு பாட்டிகிட்டயே கேளுங்க. பத்திரத்தைத் தேடி எடுத்துச் செக்குபந்தியைப் படிச்சுக் காட்டுவாங்க.