நகல் என்னும் வசை

நவீன ஓவியம் பற்றிய பேச்சு நம் சிற்றிதழ்ச் சூழலில் எழும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகள் தயாராக வந்து நிற்கின்றன. 'இது ஐரோப்பாவின் நகல்' என்பது ஒன்று. 'இதெல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்பது மற்றொன்று. ஓவியத்தைப் பார்க்காமலே வழங்கத்தக்க தீர்ப்புகள் என்பதால் இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம்.

முதல் தீர்ப்புக்கு இரையானவர் ககனேந்திரநாத் தாகூர் (1867–1938). ஐரோப்பா செல்லாமலே, 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் இருந்தபடி க்யூபிஸத்தை எதிர்கொண்டவர். 1922 டிசம்பரில் பௌஹவுஸ் கலைஞர்களின் படைப்புகள் அந்நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது இவருடைய ஓவியங்களும் உடன் இடம்பெற்றன. 1959இல் வெளிவந்த நூலில் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் இவரைப் போலச்செய்தவர் என்று ஒதுக்கினார். பார்த்த மித்தர் 2007இல் அதை விரிவாக மறுத்த பின்னரும் இங்கே அந்த வசை ஓயவில்லை. பிக்காஸோவும் பிராக்கும் ஒரு பொருளைப் பல கோணங்களில் உடைத்து ஒரே தளத்தில் அடுக்கினர். நாடக மேடையமைப்பில் ஈடுபாடு கொண்டிருந்த ககனேந்திரரோ உடைத்தது ஒளியை. அவருடைய படிக்கட்டுகளும் வாயில்களும் புதிர்வீடுகளும் பாரிஸில் வரையப்பட்டவை அல்ல.

மெக்ஸிக்கோவின் டீகோ ரிவேராவை நோக்குவோம். 1909இல் பாரிஸ் சேர்ந்தவர், 1913 முதல் 1917 வரை க்யூபிஸ்டாகவே வரைந்தார். 1915இல் தீட்டிய 'ஸபாட்டிஸ்டா நிலக்காட்சி'யில் மெக்ஸிக்கோவின் மலையும் தொப்பியும் துப்பாக்கியும் கம்பளமும் க்யூபிஸத்துக்குள் புகுந்தன. பிக்காஸோ தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று ரிவேராவே குற்றஞ்சாட்டியதுண்டு. 1921இல் நாடு திரும்பிச் சுவரோவியங்களில் இறங்கினார். அவ்வாண்டுகளைப் பயிற்சிக்காலம் என்று வரலாறு பெருந்தன்மையோடு எழுதுகிறது. அப்பெருந்தன்மை ககனேந்திரருக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

இரண்டாம் தீர்ப்பினர் எங்கள் ஊர் அம்மையாரைச் சாட்சிக்கு இழுப்பர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில், எலும்பு துருத்தி நிற்கத் தாளமேந்தி அமர்ந்திருக்கும் அந்தப் பேயுருவில் சிற்பி அழகின் இலக்கணத்தை அறிந்தே விலக்கினான். உடலைத் துறந்த பக்தியைக் காட்டவே விலக்கினான். க்யூபிஸத்தின் கேள்வி வேறு. கண் எவ்வாறு காண்கிறது என்பது அதன் கவலை. இரண்டையும் ஒன்றென்பது இரண்டையும் சிறுமைப்படுத்துவதாகும்.

இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போனாலும், 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த ஊர் காரைக்கால். இங்கே 'சொல்தா' என்றொரு சொல் வழங்குகிறது. பிரெஞ்சில் படைவீரன் என்று மட்டும் பொருள். எங்கள் தெருக்களிலோ பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவரையும், அவர் வீட்டையும், அவ்வீட்டின் சம்பந்தத்தையும்கூடச் சுட்டும். அதை நகல் என்று எவரும் சொன்னதில்லை, தமிழாகிவிட்டது. சொல்லுக்குத் தரும் இடத்தைத் தூரிகைக்கு மறுப்பானேன்? எங்கிருந்து வாங்கினார் என்பதோடு விமர்சகர் நின்றுவிட வேண்டாம். வாங்கியதைக் கொண்டு என்ன செய்தார் என்று கேட்கட்டும். அதற்கு ஓவியத்தின் முன் சற்று நேரம் நிற்க வேண்டியிருக்கும்.