முதியோரும் வீடியோ விளையாட்டும்

விளையாட்டு வாலிபருக்கே உரியது என்ற எண்ணம் வெகு காலமாக உலகில் வேரூன்றியிருக்கிறது. வீடியோ விளையாட்டு விஷயத்தில் இவ்வெண்ணத்தை வளர்த்தவர்கள் அவற்றைச் செய்து விற்கும் கம்பெனியாரே ஆவர். இன்று வழங்கும் கைக்கருவி ஒன்றை எடுத்துப் பாருங்கள். திருகும் கோல்கள் இரண்டும், 12-க்கு மேற்பட்ட பொத்தான்களும் அதில் இருக்கின்றன. சிறு வயது முதல் அதிலேயே ஊறிய வாலிபனுக்கு அது சுலபம். 70 வயதில் முதன்முதலாக அதைத் தொடுபவருக்கோ, எதை அமுக்கினால் என்ன நேரும் என்பதே விளங்குவதில்லை. அவர் அதைக் கீழே வைத்துவிட்டால், கிழவருக்குப் புதுமை பிடிக்காது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வாசற்படியை ஆளுயரம் கட்டிவிட்டு, ஏறமாட்டாதவர் மீது குற்றம் சாட்டுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது என்று கேட்கிறோம்.

குற்றம் முதியோருடையதன்று என்பதற்கு ருஜு இருக்கிறது. ஜப்பானிய நின்டென்டோ கம்பெனி 2005-ஆம் வருஷத்தில் வெளியிட்ட மூளைப் பயிற்சி விளையாட்டில், கருவியைப் புஸ்தகம் போல் பிடித்து, எழுதுகோலால் விடையை எழுதினால் போதும். மறு வருஷம் அதே கம்பெனி 'வீ' என்னும் யந்திரத்தைக் கொணர்ந்தது. டெலிவிஷன் ரிமோட்டைப் போன்ற கருவியைப் பிடித்துக்கொண்டு, பந்தை உருட்டுவது போல் கையை வீசினால், திரையில் பந்து உருளும். 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற அவ்விளையாட்டு 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் பரவியது. அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் அதை வைத்துப் பந்தயங்களே நடந்தன. படி தாழ்ந்ததும் அவர்கள் ஏறினார்கள். வேறென்ன சாட்சி வேண்டும்?

இது வெறும் பொழுதுபோக்கு, இதற்கு ஒரு தலையங்கமா என்று சில நண்பர்கள் கருதலாம். இன்று பாங்குக் கணக்கும் ரயில் டிக்கெட்டும் கைபேசித் திரைக்குள் புகுந்துவிட்டன. அங்கே விரல் தவறினால் பணம் போகும். விளையாட்டிலோ எத்தனை தடவை தவறினாலும் நஷ்டமில்லை. அச்சமின்றித் திரையின் வழிகளைப் பழகுவதற்கு அதைக் காட்டிலும் தகுந்த பள்ளிக்கூடம் கிடையாது. அதன் கதவை முதியோருக்குச் சாத்துவது, மற்றக் கதவுகளையும் சாத்துவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, செய்வோர் கவனிக்க வேண்டியவை யாவை? ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே கற்பிக்க வேண்டும். எழுத்துக்கள் பெரிதாகவும் தெளிவாகவும் இருத்தல் அவசியம். கடிகாரத்தை வைத்து விரட்டலாகாது; வயது ஏறக் கை தாமதிப்பது இயற்கை. தவறிய காரியத்தைத் திரும்பச் செய்ய இடமளிக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கலாமேயன்றிச் சாரத்தைக் குறைக்கலாகாது. சதுரங்கத்திலும் சீட்டாட்டத்திலும் தேர்ந்தவர்களைக் குழந்தைகளாகப் பாவிப்பது அவமதிப்பாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, முதல் நாள் தொட்டே முதியோரை அருகில் அமர்த்தி, அவர்கள் கை எங்கே தயங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். முதியோரின் பயத்தை மூலதனமாக்கி, விளையாட்டை மருந்தென்று விற்பாரும் உண்டு. 'லூமாசிட்டி' என்ற பயிற்சி விளையாட்டுகளை நடத்திய கம்பெனி, அவை ஞாபகக் குறைவைத் தடுக்கும் என்று தக்க ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. 2016-இல் அக்கம்பெனி 20 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. விளையாட்டு விளையாட்டாகவே வரட்டும். அது தரும் சந்தோஷமே போதிய நியாயம்.

இன்று இவ்விளையாட்டுகளைச் செய்யும் வாலிபரும் ஒரு நாள் அதே படியின் முன் நிற்கப் போகிறவர்களே. தங்கள் பொருட்டேனும் அதை அவர்கள் இப்பொழுதே தாழ்த்துவார்களாக.