திமிலின் சுடரும் கைவேலை விளக்கும்

நெய்தல் பாடல்களில் விளக்குக்குக் குறைவில்லை. இரவுக் கடலில் மின்னும் திமில்களின் சுடர்களுக்கு விண்மீன்கள் உவமையாகின்றன. பட்டினப்பாலையிலோ பரதவர் கடலிலிருந்தபடி மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணுகின்றனர். இரண்டிடத்தும் விளக்கு தொலைவிலிருந்து பார்க்கப்படும் பொருளே. வலையில் சிக்கிய மீனைக் கழற்றவும், நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைத் திறந்து பார்க்கவும் படகுக்குள் வேண்டிய வெளிச்சத்தைப் பற்றி நம் வகுப்பறைகளில் பேச்சே எழுவதில்லை.

அவ்வெளிச்சத்தைச் செய்துகொள்வது அரிதன்று. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய ஈய-அமில பேட்டரி, அதே வோல்ட்டில் எரியும் 5 வாட் எல்இடி பட்டை, சுவிட்ச், 2 ஆம்பியர் ஃபியூஸ், வெள்ளீயம் பூசிய செம்பு வயர் ஆகியவை போதும். பேட்டரியில் அடங்கியது 84 வாட்-மணி. முழுவதையும் வற்றவிட்டால் இவ்வகை பேட்டரி விரைவில் கெடும். பாதியோடு நிறுத்தினாலும் ஏறத்தாழ 8 மணி நேரம் எரியும். பட்டையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் செருகி, இரு முனைகளையும் சிலிக்கான் பசையால் அடைத்தால் உப்புநீர் புகாது. குழாயின் மேற்பாதியில் கறுப்பு டேப் சுற்றினால் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் கையில் விழும்.

ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே இருத்தல் வேண்டும். அதை விளக்கின் அருகே வைத்துவிட்டால், இடைவழியில் உறை தேய்ந்து இரு வயர்களும் தொட்டுக்கொள்ளும்போது அது காக்காது. வயர் சூடேறித் தீப்பிடிக்கும். எரிபொருள் இருக்கும் படகில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. படகின் இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் பார்த்தே எதிரே வருபவர் அதன் போக்கை அறிகிறார். வேறெந்த விளக்கும் அவற்றோடு மயங்கவோ அவற்றைக் காணவிடாமல் செய்யவோ கூடாதென்பது 1972இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின் கட்டளை. எல்இடி ஒளியால் மீனைக் கவர்ந்து பிடிப்பதை 2017 நவம்பரில் இந்திய அரசு தடை செய்தது. நாம் பேசும் விளக்கு மீனுக்கானதன்று, கைக்கானது.

இதையெல்லாம் இலக்கிய வாசகரிடம் ஏன் சொல்ல வேண்டும்? கவிதையில் ஒரு சொல் இரு பொருள் தந்தால் நாம் மகிழ்கிறோம். செய்முறையில் ‘அருகே’ என்று மட்டும் எழுதி, எதனருகே என்பதை விட்டுவிட்டால் படகு எரியக்கூடும். ஐயத்துக்கு இடமின்றி எழுதுவதும் தமிழ்ப் பயிற்சியே. உரையாசிரியர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வரையறுத்துச் சென்ற மரபு நம்முடையது. அந்த உழைப்பில் ஒரு பங்கை ஃபியூஸின் இடத்தைச் சொல்லும் வாக்கியத்துக்கும் தரலாம். தமிழ் கற்பிக்கும் நாம் மாணவரிடம் நெய்தலுக்கு உரை எழுதச் சொல்வதோடு, படகு விளக்குக்குச் செய்முறை எழுதவும் சொல்ல வேண்டும். அதைப் படகில் செல்பவர் ஒருவர் படித்து, பிழையின்றிச் செய்து முடித்தால், அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.