ஹெல்மெட் போட்டும் கழுத்து உடைவது ஏன்? அமெரிக்கன் ஃபுட்பாலில் விதிகள் மாறிய பின்னணி!

அமெரிக்காவின் என்.எஃப்.எல் தொடரில் 'கிக்ஆஃப்' விதி 2024-ல் அடியோடு மாறியது. 2025-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் பந்தை உதைத்ததும் அந்த அணி வீரர்கள் தலைதெறிக்க ஓடிப்போய், பந்தைப் பிடித்தவர் மீது மோதுவார்கள். இப்போது பந்து கீழே விழும்வரை, அல்லது ஒருவர் கைக்குப் போகும்வரை, பெரும்பாலான வீரர்கள் நின்ற இடத்தைவிட்டு அசையக்கூடாது. ஓடிவரும் வேகத்தைக் குறைத்து காயங்களைத் தடுப்பது இதன் முக்கிய நோக்கம்.

இதே கிக்ஆஃப்பில்தான் 2007-ல் பஃபலோ பில்ஸ் வீரர் கெவின் எவரெட்டின் கழுத்து உடைந்தது. 2010-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக வீரர் எரிக் லெக்ராண்ட் 20 வயதில் முடங்கினார்.

ஹெல்மெட் காப்பாற்றாதா?

மண்டையைக் காப்பாற்றும், கழுத்தை அல்ல. சொல்லப்போனால் கெட்டியான ஹெல்மெட் வந்த பிறகுதான் சிக்கலே பெரிதானது. 'தலைக்கு ஒன்றும் ஆகாது' என்ற தைரியத்தில் வீரர்கள் உச்சந்தலையை ஈட்டி போல நீட்டி மோதினார்கள். 'ஸ்பியரிங்' என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

நிமிர்ந்து நிற்கும்போது கழுத்தெலும்பில் லேசான வளைவு இருக்கும். அதுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தலையைச் சுமார் 30 டிகிரி குனிந்தால் வளைவு போய், கழுத்து நேரான கம்பு மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் மோதினால் தலை நின்றுவிடும், பின்னால் வரும் உடம்பு நிற்காது. நடுவில் நசுங்குவது கழுத்து. எலும்பு உடைந்தோ விலகியோ தண்டுவடத்தை அழுத்துகிறது.

மருத்துவர் ஜோசப் டோர்க் இதை ஆதாரத்தோடு காட்டினார். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 1976-ல் ஸ்பியரிங் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு 34 வீரர்கள் கழுத்துக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்தனர். 1984-ல் அந்த எண்ணிக்கை 5. புது ஹெல்மெட் எதுவும் செய்யாததை ஒரு விதி செய்தது!

கழுத்தில் அடி ஏன் இவ்வளவு ஆபத்து?

மூச்சு விட உதவும் உதரவிதானத்துக்கான நரம்புகள் கழுத்தின் 3, 4, 5-வது பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. அங்கே அடிபட்டால் கை, கால் மட்டுமல்ல, மூச்சே சிக்கல்தான். லெக்ராண்டுக்கு முதலில் வென்டிலேட்டர் தேவைப்பட்டது. அதனால்தான் விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதும், பயிற்சி இல்லாதவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றுவதும் கூடவே கூடாது என்கிறார்கள்.

எவரெட் சில மாதங்களிலேயே எழுந்து நடந்தார். உடனடி அறுவை சிகிச்சை காரணமா, ஆம்புலன்ஸிலேயே குளிர்ந்த சலைன் ஏற்றி உடலைக் குளிர்வித்தது காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

தலையைத் தாழ்த்தி மோதினால் 15 யார்டு தண்டனை என்று என்.எஃப்.எல் 2018-ல் விதியை இறுக்கியது. பந்தோடு ஓடுபவருக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த வேகத்தில், எதிரில் வருபவரும் குனியும்போது, யார் முதலில் குனிந்தார் என்று நடுவர் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.