யாருடைய கூரை, யாருடைய மழை?

கொழும்பில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். கொட்டாஞ்சேனைக் கூரைகளை வருணன் ஒதுக்கிவைக்கவில்லை. புனித லூசியாள் பேராலயத்தின் மீதும், கோயில் மண்டபங்களின் மீதும், பாடசாலைகளின் மீதும் கொட்டுகின்ற அத்தனை நீரும் சாக்கடையிற் கலந்து கடலுக்குப் போகின்றது. நீர்வெட்டு அறிவித்த நாளிலோ, 'தோட்டம்' என்று நாம் அழகாகப் பெயரிட்டழைக்கும் நெருக்கடிக் குடியிருப்புகளில் வெற்று வாளிகள் காத்துக் கிடக்கின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே கண்டும் நமக்கு வெட்கம் வரவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை பிறந்தது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் திருத்தப்பட்டது. 2009இல் விதிகள் வெளிவந்தன. நகரத்தில் எழும் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கடமையாயிற்று. 'புதிய' என்ற சொல்லைக் கவனிக்குமாறு வேண்டுகிறோம். கொழும்பில் இன்று புதிய கட்டடம் எழுப்ப வல்லவன் யார்? காணியும் வங்கிக் கடனும் கைவசம் உள்ளவன். ஒற்றை அறைக்குள் ஆறு பேர் உறங்கும் தோட்டத்து மனிதனுக்குக் கூரையே அரைகுறை. அவன் எதிலே மழையை ஏந்துவான்? தமிழ்நாட்டில் 2003இல் வந்த ஆணை பழைய கட்டடங்களையும் விட்டுவைக்கவில்லை. அங்கே நீரை நிலத்துள் இறக்கும் குழிகளே மிகுதி என்பது உண்மை. எனினும் பழைய கூரைக்கும் கடமை உண்டு என்று ஓர் அரசு சொல்லிற்றன்றோ?

ஆகவே, தனியார் கூரையை விட்டுப் பொதுக் கூரையைப் பாருங்கள் என்கிறோம். 500 சதுர மீற்றர் கூரையுள்ள ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். சிந்துவதும் ஆவியாவதும் போக, நூற்றுக்கு எண்பது பங்கு கிடைத்தாலே ஆண்டுக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம் லீற்றர்! 5 மீற்றர் விட்டமும் 2.5 மீற்றர் உயரமுமுள்ள உருக்குத் தாங்கியொன்று ஏறக்குறைய 49,000 லீற்றர் கொள்ளும். 25 மில்லிமீற்றர் மழை ஐந்து நாள் பெய்தால் அது நிறைந்துவிடும்.

வேலை எளிதன்று. நிறைந்த தாங்கியின் நீர் மட்டும் 49 தொன். இளகிய மண்ணில் அதை நிறுத்த முடியாது, கொங்கிறீற்றுத் தளம் வேண்டும். துறைமுகத்து உப்புக் காற்று உருக்கைத் தின்னும். நாகம் பூசிய தகடும் உள்ளுறையும் இன்றி வாங்குபவர் பொதுப்பணத்தைத் துருவுக்குத் தாரை வார்க்கிறார். கூரை அழுக்கைச் சுமந்துவரும் முதல் நீரைக் கழித்துவிட வழி வேண்டும்.

"நுளம்பு பெருகுமே" என்று முகஞ்சுளிக்கிறார் ஒரு கனவான். 2017இல் இந்நாட்டில் 1,80,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பிடித்தது, அச்சம் நியாயமானதே. ஆனால் வாய்களெல்லாம் நுண்வலையால் மூடிய தாங்கியில் நுளம்பு நுழையாது. நீர் எப்போது வருமென்று தெரியாமல் வீடுதோறும் திறந்த வாளியிலும் பீப்பாவிலும் சேமித்துவைக்கிறோமே, அங்கேதான் அது குடும்பம் நடத்துகிறது!

நகரக் கூரை நீரைச் சுத்திகரியாமல் குடிக்கச் சொல்லவில்லை. துவைக்கவும், கழுவவும், மலசலகூடத்துக்கும் அது போதும். அவ்வளவுக்குக் குழாய்நீர் மிச்சமாகும். அந்தக் குழாய்நீரும் வானத்திலிருந்து இலவசமாய் இறங்குவதன்று. அம்பத்தலையில் களனி கங்கையை இறைத்து, சுத்திகரித்து அனுப்புவது. வரட்சி நீடித்தால் கடலுப்பு ஆற்றின் வழியே மேலேறி அந்த நிலையத்தையே மிரட்டுகிறது.

இனிப் பணம். மாநகர சபை தரவேண்டும். வரி வாங்குவது அதுதானே? நிதி வந்து தாங்கி எழுந்த பின்னர், குழாயைப் பாடசாலை மதிலுக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறோம். ஆசிரிய நண்பர்களே, வரைபடம் மேசைக்கு வரும்போதே கேளுங்கள்: ஒரு குழாய் தெருப்பக்கம் திறக்கிறதா? அதன் சாவி யாரிடம்?