வாசல் தாண்டாத கூலி

அம்பர்நாத்தில் என் பக்கத்து வீட்டுப் பெண் மேலப்பாளையத்துக்காரர். இப்போது பொட்டலம் போடும் பட்டறை ஒன்றுக்குப் போகிறார். "ஊரில் என்னம்மா வேலை பார்த்தாய்?" என்று கேட்டேன். "வேலையா? வீட்டுல சும்மாதான் இருந்தேங்க்கா. பீடி சுத்துவேன்" என்றார். சும்மா இருந்தவர் சுற்றியது, நாளொன்றுக்கு 800 பீடி.

மேலப்பாளையத்தில் கைத்தறி நலிந்தபோது பீடித் தட்டு வீட்டுக்குள் வந்தது. கோஷா வழக்கமுள்ள குடும்பங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. இதை மதத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. நெல்லை, தென்காசி கிராமங்களில் இந்து வீட்டுத் திண்ணைகளிலும் அதே தட்டுதான். வயசுக்கு வந்த பெண்ணை வெளிவேலைக்கு அனுப்பினால் குடும்பத்துக்குக் குறைச்சல் என்ற எண்ணம் அங்கேயும் உண்டு.

இந்தக் கௌரவத்தால் லாபம் யாருக்கு? முதலாளிக்குக் கொட்டகை வேண்டாம், விளக்கு வேண்டாம், வாடகை வேண்டாம். வாசல் தாண்டாத பெண் கூலி பேசவும் போக மாட்டாள். 'கழிவு' என்று ஒதுக்கிய பீடிக்குக் காசு கிடையாது. 1966-ம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளியாகவே ஏற்றது. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாத பெண்ணுக்கு பி.எஃப். ஏது?

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட கிராமப் பெண்களில் உழைப்புச் சந்தையில் இருந்தவர்கள் 2017-18-ல் 24.6 சதவிகிதம், 2023-24-ல் 47.6. மகிழலாம். ஆனால் கூடியதில் பெரும்பகுதி சுயதொழிலும் குடும்பத் தொழிலில் கூலியில்லா உதவியும்தான். வேலை பெருகிய அளவுக்குச் சம்பளம் பெருகவில்லை.

சம்பிரதாயம் அசையாத பாறையா? 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் வேறு கதை சொல்கிறது. ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்றது அது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளில் அந்த வேலைநாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையது. வேலை பக்கத்தில் இருந்து, கூலியும் நியாயமாக இருந்தால் வழக்கமும் வழிவிடுகிறது.

பீடித் தட்டுக்கும் முதலில் வேண்டியது அந்தக் கணக்குத்தான்: சுற்றுபவள் பெயரில் பதிவு, அவள் கையில் கூலி.

என் பக்கத்து வீட்டுப் பெண் இப்போது "வேலைக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறார். ஊரில் பார்த்ததும் வேலைதான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.